1.4 என்ற எண்: ஒரு மெட்ராஸ் மாணவர் கப்பலில் போட்ட கணக்கு பிரபஞ்சத்தை அளக்கும் கோலானது எப்படி?

பிப்ரவரி மாசம், ராத்திரி ஒன்பது மணி. எம்.கே.பி. நகரில் ஏதாவது ஒரு மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். வடக்கே மணலிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் சுடர் வானத்தை லேசாக ஆரஞ்சு நிறமாக்கியிருக்கும். தெற்கே சென்ட்ரல் பக்கத்து விளக்கு வெளிச்சம். நடுவில் மிச்சமிருக்கும் நட்சத்திரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் தெற்கு வானத்தில், நல்ல உயரத்தில், ஒன்று மட்டும் எந்தப் புகைக்கும் அசராமல் மின்னிக்கொண்டிருக்கும். அதுதான் சிரியஸ். இரவு வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம். நம்மிடமிருந்து 8.6 ஒளியாண்டு தூரம்.

சிரியஸ் தனி ஆள் கிடையாது. கூடவே ஒரு துணை நட்சத்திரம் சுற்றுகிறது. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 1862-ல் அமெரிக்காவில் ஆல்வன் கிளார்க் என்ற தொலைநோக்கி செய்பவர், புதிதாகத் தேய்த்த லென்ஸைச் சோதித்துப் பார்க்கும்போதுதான் அது முதன்முதலாகக் கண்ணில் பட்டது. சிரியஸ் பி என்று பெயர். அதன் எடை கிட்டத்தட்ட நம் சூரியன் அளவு. சைஸ் மட்டும் பூமி அளவு! 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பூமிகளின் எடையை ஒரே பூமிக்குள் அடைத்துவைத்த மாதிரி. அதில் ஒரு டீஸ்பூன் அள்ளினால் டன் கணக்கில் கனக்கும்.

எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரத்தின் மிச்சம் இது. வானியலில் இதை ‘வெள்ளைக் குள்ளன்’ என்பார்கள். நம் சூரியனும் சில நூறு கோடி ஆண்டுகள் கழித்து இப்படித்தான் ஆகப்போகிறது.

சரி, இப்படி ஒரு மிச்சம் எவ்வளவு கனமாக இருக்கலாம்? அதற்கு லிமிட் ஏதும் உண்டா? உண்டு என்று 19 வயதில் கணக்குப் போட்டுக் காட்டியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இன்று நாம் சொல்லும் கணக்கில், சூரியனின் எடையைப் போல 1.4 மடங்கு. இந்த எண்தான் அவரை 24 வயதில் லண்டனில் ஓர் அரங்கம் முழுக்கச் சிரிக்கும்படி நிற்கவைத்தது. இதே எண்தான் 1998-ல், பிரபஞ்சம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பற்றி அதுவரை நினைத்திருந்ததைத் தலைகீழாக்க உதவியது. அதைப் பார்க்க அவர் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார்.

திருவல்லிக்கேணிப் பள்ளி, கடற்கரைக் கல்லூரி

சந்திரசேகர் பிறந்தது 1910 அக்டோபர் 19, லாகூரில். அப்பா சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் பெரிய அதிகாரி. அம்மா சீதாலட்சுமி பத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சந்திரசேகர் வீட்டுக்கு மூத்த மகன். அப்பாவின் தம்பி, அதாவது இவருக்குச் சித்தப்பா, சர் சி.வி.ராமன்.

1918-ல் குடும்பம் மெட்ராஸுக்கு வந்தது. 12 வயது வரை பள்ளிக்கூடமே கிடையாது, வீட்டிலேயே படிப்பு. 1922-ல் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார்கள். எம்.கே.பி. நகர் யாருடைய பெயரைச் சுமக்கிறதோ அந்த மகாகவி பாரதியார் அதே திருவல்லிக்கேணியில் காலமானது அதற்கு முந்தைய ஆண்டுதான். 1925-ல் மெரினா எதிரில் இருக்கும் மாநிலக் கல்லூரி. அப்பாவுக்கு மகன் ஐ.சி.எஸ். எழுதணும்னு ஆசை. மகனுக்குக் கணிதத்தின் மேல் ஆசை. கடைசியில் இயற்பியல் ஆனர்ஸ். ‘சித்தப்பா மாதிரியே’ என்ற வார்த்தை வீட்டில் எத்தனை முறை விழுந்திருக்கும் என்பதை நாமே ஊகிக்கலாம்.

1928-ல் ஜெர்மனியிலிருந்து அர்னால்ட் சோமர்ஃபெல்ட் என்ற பெரிய இயற்பியலாளர் மெட்ராஸ் வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். பேச்சு முடிந்ததும் இந்த 17, 18 வயதுப் பையன் நேராக அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்விட்டான். அவருடைய அணு இயற்பியல் புத்தகத்தைப் படித்து முடித்திருந்த பெருமை வேறு. சோமர்ஃபெல்ட் உண்மையைச் சொன்னார்: அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயற்பியல் ஆட்டத்தையே மாற்றிவிட்டது. மனசு உடைந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அவர் கையோடு வைத்திருந்த, இன்னும் அச்சாகாத தன் கட்டுரையின் மெய்ப்புப் படியையும் கொடுத்து அனுப்பினார். உலோகங்களுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது பற்றிய கட்டுரை.

அதைப் படித்துவிட்டு, அதே முறையை வைத்து சந்திரசேகர் சொந்தமாக ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வந்தது. அப்போது அவர் இன்னும் காலேஜ் ஸ்டூடன்ட். கட்டுரையை இதழுக்குக் கொண்டுசேர்த்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலர்.

அடுக்குமாடி எலெக்ட்ரான்கள்

அந்த ஃபௌலர் 1926-லேயே சிரியஸ் பி புதிருக்கு ஒரு விடை சொல்லியிருந்தார். புதிர் என்ன? நட்சத்திரம் என்பது ஒரு இழுபறி. அதன் சொந்த எடை எல்லாவற்றையும் மையத்தை நோக்கி அமுக்குகிறது. உள்ளே எரியும் அணு உலையின் வெப்பம் வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை நட்சத்திரம் நிற்கும். அடுப்பு அணைந்துபோனால்? எடை ஜெயித்து, எல்லாம் நொறுங்கி விழவேண்டும் இல்லையா? சிரியஸ் பி ஏன் விழாமல் நிற்கிறது?

இப்படி யோசிங்க. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ரூல் ஒன்றே ஒன்று: ஒரு வீட்டில் ரெண்டு பேருக்கு மேல் தங்கக் கூடாது. முதலில் வருகிறவர்கள் தரைத்தளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்தவர்களுக்கு முதல் மாடி, பிறகு இரண்டாவது... ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தால் கடைசியில் வருகிறவர் 40-வது மாடிக்கு ஏற வேண்டியதுதான். எலெக்ட்ரான்களுக்கும் இதே ரூல். அவற்றுக்கு மேல் மாடி என்றால் அதிக வேகம். நட்சத்திரம் முழுக்க ஆறிப்போனாலும் இந்த எலெக்ட்ரான்கள் வேகத்தைக் குறைக்க முடியாது. கீழே இறங்க வீடு காலி இல்லை. அந்த ஓட்டம்தான் வெளியே தள்ளுகிறது. நெருப்பே இல்லாமல் நட்சத்திரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஃபௌலர் கணக்குப்படி எவ்வளவு கனமான நட்சத்திரமாக இருந்தாலும் இந்தத் தாங்குதல் போதும். எல்லா நட்சத்திரங்களும் நிம்மதியாகக் கண்ணை மூடலாம்.

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே இதைச் சந்திரசேகர் படித்துவிட்டார். கேம்பிரிட்ஜின் ஆர்தர் எடிங்டன் நட்சத்திரங்களின் உள்ளமைப்பு பற்றி எழுதிய புத்தகம் அவருக்குப் போட்டி ஒன்றில் பரிசாகக் கிடைத்திருந்தது. எடிங்டன் யார் என்றால், 1919-ல் சூரிய கிரகணத்தின்போது ஆப்பிரிக்கா அருகே ஒரு தீவுக்குப் போய் படம் எடுத்துவந்து, ஐன்ஸ்டைனின் கோட்பாடு சரி என்று உலகத்துக்குக் காட்டியவர். அந்தக் காலத்து வானியலின் சூப்பர் ஸ்டார்.

1930-ல் கேம்பிரிட்ஜில் படிக்க அரசு உதவித்தொகை கிடைத்தது. அம்மாவுக்கு அப்போது உடம்பு ரொம்ப முடியாமல் இருந்தது. போகாமல் நின்றுவிடலாமா என்ற யோசனை எழுந்தபோது, போய்த்தான் ஆக வேண்டும் என்று நின்றவர் அவர்தான். 1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து கப்பல் கிளம்பியது. அடுத்த ஆண்டு அம்மா இறந்தபோது மகன் ஐரோப்பாவில் இருந்தார்.

பருவக்காற்று நேரம். அரபிக்கடல் முதலில் கப்பலைப் புரட்டி எடுத்தது. கடல் அடங்கியதும் டெக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஃபௌலரின் கணக்கையும் எடிங்டனின் புத்தகத்தையும் மனசுக்குள் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தார். அப்போதுதான் ஒரு சின்ன விஷயம் உறைத்தது. நட்சத்திரம் கனமாக ஆக, எலெக்ட்ரான்கள் இன்னும் மேல் மாடிக்கு ஏற வேண்டும். ஏற ஏற வேகம் கூடணும். ஆனால் ஒளியின் வேகத்தை யாரும் தாண்ட முடியாது என்பது ஐன்ஸ்டைன் கண்ட உண்மை. அந்த வேகத்தை நெருங்கும்போது, எலெக்ட்ரான்களை எவ்வளவு நெருக்கினாலும் அவை திருப்பித் தள்ளும் பலம் தேவையான அளவுக்குக் கூடாது. ஃபௌலர் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தார். விடையாக ஒரு எடை வந்தது. அந்த எடைக்கு மேல் இழுபறியே கிடையாது; ஈர்ப்பு ஜெயித்துவிடும். முதலில் வந்த எண் சூரியனின் எடையில் சுமார் 0.91 மடங்கு. வெள்ளைக் குள்ளன்கள் எதனால் ஆனவை என்று அப்போது எடுத்துக்கொண்டது சரியாக இல்லாததால் வந்த வித்தியாசம் அது; பிற்பாடு திருத்தப்பட்டு 1.4 ஆனது. நேர்மையாகச் சொல்லவேண்டும் என்றால், இப்படி ஒரு வரம்பு இருக்கலாம் என்பதை அதே காலகட்டத்தில் எஸ்தோனியாவில் வில்ஹெல்ம் ஆண்டர்சனும், இங்கிலாந்தில் எட்மண்ட் ஸ்டோனரும் தனித்தனியாகத் தொட்டிருந்தார்கள். ஆனால் அதை ஒரு முழு நட்சத்திரத்துக்கான கணக்காக்கி, கடைசிவரை கொண்டுபோய், அதன் பின்விளைவோடு மல்லுக்கு நின்றவர் சந்திரசேகர்.

பின்விளைவு என்ன? 1.4-க்கு மேல் கனமான நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக ஓய்வெடுக்க முடியாது. அது சுருங்கும். மேலும் சுருங்கும். எங்கே போய் நிற்கும்?

பர்லிங்டன் ஹவுஸ், 1935

கேம்பிரிட்ஜில் முதல் சில வருஷங்கள் இந்தக் கணக்கை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கட்டுரை 1931-ல் அமெரிக்க இதழ் ஒன்றில் வந்தது. 1933-ல் முனைவர் பட்டம், அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. 1934-ல் மறுபடி வெள்ளைக் குள்ளன்களைக் கையில் எடுத்தார். இந்த முறை தோராயம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு நட்சத்திரமாக, எண் எண்ணாக. கையால் சுழற்றும் கணக்கு இயந்திரம் ஒன்றை எடிங்டன்தான் ஏற்பாடு செய்து கொடுத்தார். வாரத்தில் இரண்டு மூன்று தடவை அறைக்கு வந்து, எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டும் போவார்.

1935 ஜனவரி 11, லண்டன் பர்லிங்டன் ஹவுஸில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். வழக்கமான கால் மணிக்குப் பதிலாகச் சந்திரசேகருக்கு அரை மணி நேரம் வாங்கிக் கொடுத்தவரும் எடிங்டன்தான். ஆனால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால், இவருக்கு அடுத்து அதே தலைப்பில் எடிங்டனும் பேசுகிறார். என்ன பேசப்போகிறார் என்று அத்தனை நாள் பழகியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சந்திரசேகர் பேசி முடித்தார். எடிங்டன் எழுந்தார். இந்தக் கணக்குப்படி போனால் நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி, ஒளிகூட வெளியே வர முடியாத அளவுக்கு ஈர்ப்பு கூடிவிடும் என்றார். ஒரு நட்சத்திரம் இப்படிக் கோமாளித்தனமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஏதோ ஒரு விதி இருந்தே தீர வேண்டும் என்றார். சார்பியலையும் குவாண்டத்தையும் இவர் சேர்த்த விதமே தப்பு என்று முடித்தார். அரங்கம் சிரித்தது.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். எடிங்டன் அன்று வர்ணித்தது கருந்துளையை. இன்று ஸ்கூல் பையன் வரைந்து காட்டும் பொருளை, அந்தப் பெயரே இல்லாத காலத்தில், துல்லியமாகச் சொல்லிவிட்டு, இவ்வளவு அபத்தமான முடிவு வருவதால் கணக்கே தப்பாகத்தான் இருக்கணும் என்று வாதாடினார்.

எனக்கு இதைவிடக் கஷ்டமாகப் படுவது மற்றவர்களின் மௌனம். நீல்ஸ் போர், பௌலி போன்ற பெரிய ஆட்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. சந்திரசேகர் பக்கம்தான் நியாயம் என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். பொதுவெளியில் எடிங்டனை எதிர்த்து நிற்க அவர்கள் முன்வரவில்லை. அதே ஆண்டு பாரிஸில் நடந்த சர்வதேச வானியல் கூட்டத்திலும் எடிங்டன் இதையே தாக்கிப் பேசினார். பதில் சொல்ல சந்திரசேகருக்கு வாய்ப்பே தரப்படவில்லை. இந்தியாவிலிருந்து வந்த 24 வயது ஆள், பேரரசின் தலைநகரில், துறையின் தலைவரோடு மோதுகிறார். எந்தப் பக்கம் சத்தம் அதிகமாக இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

தொடக்கமும் வேண்டாம், முடிவும் வேண்டாம்

எடிங்டனை வில்லனாக்கிவிட்டுப் போவது ஈஸி. நான்கு வருஷம் முன்னால் அவர் இன்னொருவரிடம் நடந்துகொண்ட விதத்தையும் பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும்.

ஜார்ஜ் லெமெய்த்ர் என்ற பெல்ஜிய கத்தோலிக்கப் பாதிரியார் எடிங்டனிடம் கேம்பிரிட்ஜில் படித்தவர். 1927-ல், பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். சின்ன இதழ், யாரும் படிக்கவில்லை. 1929-ல் அமெரிக்காவில் எட்வின் ஹபிள், தொலைவில் உள்ள கேலக்ஸிகள் வேகமாக விலகிப் போவதை அளந்து வெளியிட்டார். அப்போதுதான் எடிங்டனுக்குத் தன் பழைய மாணவரின் கட்டுரை ஞாபகத்துக்கு வந்தது. பெருந்தன்மையாக அதை உலகத்தின் முன் தூக்கிப் பிடித்தார். ஆங்கிலத்திலும் வரச் செய்தார்.

ஆனால் விரிகிறது என்றால், சினிமா ரீலைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஒரு இடத்தில் வந்து முட்டணுமே? அதாவது ஒரு தொடக்கம். 1931-ல் எடிங்டன் அந்த எண்ணமே தனக்கு ஒவ்வாது என்று வெளிப்படையாகப் பேசினார். லெமெய்த்ர் அதே ஆண்டு நேச்சர் இதழில் ஒரு சின்னக் குறிப்பில் பதில் எழுதினார்: எல்லாம் ஒரே ஒரு ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம். பெருவெடிப்புக் கோட்பாட்டின் விதை அது.

ஆக, ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு விஷயங்களைத் தள்ளிவிட்டார். பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருக்கக் கூடாது. நட்சத்திரத்துக்கு அப்படி ஒரு முடிவு இருக்கக் கூடாது. சமன்பாடுகள் இரண்டையும் காட்டின. அவருடைய ரசனை இரண்டையும் ஏற்கவில்லை. இதை வெறும் இனவெறி என்று சொல்லிவிட்டால் லெமெய்த்ர் விஷயம் பிடிபடாது. வெறும் அறிவியல் கருத்து வேறுபாடு என்றால் அன்று அரங்கில் எழுந்த சிரிப்பு பிடிபடாது.

லெமெய்த்ருக்காவது ஆறுதல் கிடைத்தது. பெருவெடிப்பின் மிச்சச் சூடு வானம் முழுக்க நுண்ணலையாகப் பரவிக்கிடப்பதை 1965-ல் கண்டுபிடித்தார்கள். 1966-ல் இறப்பதற்கு முன் அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டியது.

சந்திரசேகர் என்ன செய்தார்? 1936 செப்டம்பரில் மெட்ராஸ் வந்து, மாநிலக் கல்லூரியில் தனக்கு ஒரு வகுப்பு ஜூனியரான லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1939-ல் நட்சத்திர அமைப்பு பற்றித் தனக்குத் தெரிந்த மொத்தத்தையும் ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு, அந்த விஷயத்தை விட்டு எழுந்து போய்விட்டார். கத்திக்கொண்டே இருந்து ஒரு கோமாளியாகப் பெயர் வாங்க அவருக்கு இஷ்டமில்லை. பிறகு நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம், ஒளிப் பரவல், திரவங்களின் நிலைத்தன்மை என்று சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு துறை. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு தடிமனான புத்தகம். 1952 முதல் 1971 வரை ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல் இதழின் ஆசிரியர். அமெரிக்கக் குடியுரிமை 1953-ல்.

எடிங்டனோடு பேச்சுவார்த்தையை அவர் முறித்துக்கொள்ளவே இல்லை. கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. 1944-ல் எடிங்டன் இறந்தபோது மனமார மரியாதை செலுத்தினார். 1982-ல் எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவுகளை கேம்பிரிட்ஜில் நிகழ்த்தியவரும் இவரே.

எடிங்டன் மறுத்ததால் கருந்துளை ஆராய்ச்சியே 30, 40 வருஷம் தள்ளிப்போனது என்று சிலர் எழுதுவார்கள். அது கொஞ்சம் மிகை என்றுதான் தோன்றுகிறது. 1939-லேயே ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் ஒரு நட்சத்திரம் முழுக்க உள்ளே விழுவதைக் கணக்குப் போட்டார்கள். அடுத்து உலகப் போர் வந்தது. ஓப்பன்ஹைமர் அணுகுண்டு செய்யப் போய்விட்டார். வானத்தில் அப்படி ஒன்றைக் காட்டும் கருவிகளும் அப்போது இல்லை. 1967-ல் பல்சார், 1970-களின் தொடக்கத்தில் சிக்னஸ் எக்ஸ்-1. அதற்குப் பிறகுதான் கருந்துளை கிண்டலுக்குரிய பொருளாக இல்லாமல் போனது. சந்திரசேகரும் அறுபது வயதைத் தாண்டிய பிறகு கருந்துளைகளின் கணிதத்துக்குத் திரும்பினார். அந்தப் புத்தகம் வெளியான 1983-லேயே, அவருடைய 73-வது பிறந்தநாளன்று, நோபல் அறிவிப்பு வந்தது.

ராயபுரத்துச் சிவப்புத் தூசி

அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் வில்லியம் ஃபௌலர். முன்னால் சொன்ன கேம்பிரிட்ஜ் ஃபௌலர் வேறு, இவர் வேறு. பிரபஞ்சத்தில் வேதித் தனிமங்கள் எப்படி உருவாயின என்பது இவருடைய ஆய்வு. இந்த இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தியதற்கு அர்த்தம் இருக்கிறது.

ராயபுரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தூசி ஞாபகமிருக்கும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிற்கும்வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்பட்டன. மாடியில் துணி காயப்போட்டால் கருப்பாகவும் செம்பழுப்பாகவும் படியும். கருப்பு, நிலக்கரி, அதாவது கார்பன். செம்பழுப்பு, இரும்பு. இந்த இரண்டுமே பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் கிடையாது.

1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பு நடந்த முதல் சில நிமிடங்களில் உருவானது ஹைட்ரஜன், ஹீலியம், துளியூண்டு லித்தியம். அவ்வளவுதான். மற்றதெல்லாம் பின்னால் வந்தவை. கார்பன் நட்சத்திரங்களின் உள்ளே சமைக்கப்படுகிறது. இரும்பு விஷயத்தில்தான் சந்திரசேகரின் எண் உள்ளே வருகிறது. இரண்டு வழியாக.

பெரிய நட்சத்திரங்களின் நடுவில் கடைசியில் இரும்பு சேர்ந்துகொண்டே போகும். இரும்பை எரித்து ஆற்றல் எடுக்க முடியாது. அந்த இரும்பு உருண்டையைத் தாங்கிப் பிடிப்பது நம்ம அடுக்குமாடி எலெக்ட்ரான்கள்தான். எடை 1.4 சூரியன் அளவை நெருங்கித் தாண்டும்போது தாங்குதல் முறிகிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மையம் இடிந்து விழுகிறது. நடுவில் ஒரு நியூட்ரான் நட்சத்திரமோ கருந்துளையோ மிஞ்ச, வெளிப்பகுதி சூப்பர்நோவாவாகச் சிதறுகிறது.

இன்னொரு வழி. ஒரு வெள்ளைக் குள்ளன் பக்கத்து நட்சத்திரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை உறிஞ்சிக்கொண்டே கனக்கிறது என்று வையுங்கள். 1.4-ஐ நெருங்கும்போது உள்ளே இருக்கும் கார்பன் மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். மிச்சம் மீதி இல்லாமல் வெடித்துப்போகும். இதை 1ஏ வகை சூப்பர்நோவா என்பார்கள். வெடிப்பில் பெருமளவு நிக்கல் உருவாகி, அது சில நாட்களில் கோபால்ட்டாகி, சில மாதங்களில் இரும்பாகிறது. நம் கேலக்ஸியில் இருக்கும் இரும்பில் பாதியோ அதற்கும் மேலோ இந்த வகை வெடிப்பிலிருந்து வந்தது என்று கணக்கிடுகிறார்கள். துறைமுகத் தாதில் இருந்தது, பெரம்பூர் பணிமனையில் வெட்டுகிற எஃகு, நம் ரத்தத்தில் ஓடுவது எல்லாம் சேர்த்துத்தான்.

இப்போது 1998-க்கு வருவோம். எல்லா வெடிகுண்டுகளும் கிட்டத்தட்ட ஒரே எடையில் வெடித்தால், அவற்றின் வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதானே? (சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு; வெளிச்சம் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதைப் பார்த்து அதைச் சரிசெய்துவிடுவார்கள்.) ஒரே வாட் பல்பு தெரு முழுக்க மாட்டியிருந்தால், மங்கலாகத் தெரிவது தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அப்படி இந்த சூப்பர்நோவாக்களைப் பல்பாக வைத்து, பிரபஞ்சத்தின் விரிவு எவ்வளவு வேகமாகக் குறைந்து வருகிறது என்று அளக்க இரண்டு குழுக்கள் போட்டிபோட்டன. குறைந்தே ஆகணும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. கல்லை மேலே எறிந்தால் வேகம் குறையத்தானே செய்யும்?

அளந்து பார்த்தால் தொலைவில் உள்ள சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. அவை இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டித் தள்ளிப் போயிருக்கின்றன. விரிவின் வேகம் கூடிக்கொண்டிருக்கிறது! எறிந்த கல் மேலே போகப் போக வேகமெடுக்கிற மாதிரி. இதற்குக் காரணமானதைக் கரும் ஆற்றல் என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம் அதுதான். இதற்காக பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011-ல் நோபல்.

எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. பல 1ஏ வெடிப்புகள் 1.4-ஐத் தொடுவதற்கு முன்பே, இரண்டு வெள்ளைக் குள்ளன்கள் மோதுவது போன்ற காரணங்களால் நடக்கலாம் என்கிறார்கள். சூப்பர்நோவாக்களை வைத்து அளந்த விரிவு வேகமும், பெருவெடிப்பின் மிச்சச் சூட்டை வைத்துக் கணக்கிட்ட வேகமும் ஒத்துப்போக மறுக்கின்றன. கரும் ஆற்றலே காலப்போக்கில் பலவீனமாகிறதோ என்ற சந்தேகத்தையும் 2024-ல் வந்த அளவீடுகள் கிளப்பியிருக்கின்றன. இந்த விவாதங்கள் எல்லாவற்றிலும் சந்திரசேகர் வரம்பு என்ற சொல் புழங்காத ஆய்வரங்கம் கிடையாது.

சந்திரசேகர் 1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் இறந்தார். நியூட்டனின் பிரின்சிபியா பற்றி அவர் எழுதிய கடைசிப் புத்தகம் அதே ஆண்டு வந்திருந்தது. 1999 ஜூலை 23 அன்று, கொலம்பியா விண்கலம் ஒரு பெரிய எக்ஸ்ரே தொலைநோக்கியை விண்ணுக்குக் கொண்டுபோனது. அமெரிக்க விண்கலம் ஒன்றுக்குப் பெண் கமாண்டர் தலைமை தாங்கிய முதல் பயணம் அதுதான். பெயர் ஐலீன் காலின்ஸ். தொலைநோக்கிக்கு நாசா வைத்த பெயர், சந்திரா.

அந்தச் சந்திரா ஒருமுறை சிரியஸைப் படம் எடுத்தது. படத்தில் இரண்டு புள்ளிகள். மொட்டை மாடியிலிருந்து நாம் பார்க்கும் அந்தப் பிரகாசமான நட்சத்திரம் எக்ஸ்ரே படத்தில் மங்கலான சின்னப் புள்ளி. பக்கத்தில் பளீரென்று எரிவது சிரியஸ் பி.